முன்னால் போன சைக்கிள்

6 பிப்ரவரி, வெள்ளி

விடியலில் பனி. ஹார்பர் ரோட்டில் நிலக்கரி லாரிகள் போன பிறகு பனியும் கறுப்பு. மூக்கைத் துடைத்தால் கைக்குட்டையில் மை.

சைக்கிள்: பின்சக்கரத்துக்குக் காற்று. பிரேக் கட்டை ஒன்று தேய்ந்துவிட்டது. மணி அடிக்கிறது, அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் ஓட்டப் பந்தயம். ஒரு கப்பல் கம்பெனி நடத்துகிறது. பெண்கள் பத்து கிலோமீட்டரில், முதலாவதாக ஓடுகிறவளுக்கு முன்னால் வழிகாட்ட ஒரு சைக்கிள் போக வேண்டுமாம். அதை ஓட்டுவதும் பெண்ணாக இருந்தால் நல்லது என்று எங்கள் கோடவுன் மேனேஜரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரிந்த ஒரே சைக்கிள் பெண்பிள்ளை நான். பத்தொன்பது வருடமாக அதே ரோட்டில் போய், கன்டெய்னரில் ஏற்றுகிற பெட்டிகளை எண்ணிக் கோடு போடுகிறேன். "மதினி போவாங்க" என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். கோடவுனில் எல்லோருக்கும் நான் மதினிதான். தன்னார்வலராம். ஒரு பனியன், ஒரு தொப்பி, இட்லி.

ஓடுகிறவர்களில் பேச்சியும் உண்டு. என் மகள். பி.காம். முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில். பெண்களில் முதலாவதாக வருகிற உள்ளூர்க்காரிக்கு அந்தக் கம்பெனி ஆபீசிலேயே நிரந்தர வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு மட்டும். அதற்காக ஐந்து மாதமாக இருட்டோடு எழுந்து ஓடுகிறாள். நான் ஒரு நாளும் கூடப் போனதில்லை.

முன்னால் போகிற சைக்கிள் நான்தான் என்றதும் முகம் சுண்டிப் போனது.

"எம்மா, நீ அங்கனயும் வந்து எம்மானத்த வாங்கணுமா?"

"இருந்தால்லா வாங்குததுக்கு" என்றேன்.

கடைவாய்ப் பல் வலி. கிராம்பு வைத்தேன்.

7 பிப்ரவரி, சனி

காற்று இல்லை. கோடவுனில் முந்திரிப் பெட்டி, 640. அரை நாள் லீவு சொல்லிவிட்டு பீச்சுக்கு.

பந்தயத்தை நடத்துகிறவர் கழுத்தில் விசிலோடு சாப்பிடுகிறார், விசிலோடு பேசுகிறார். இனி இந்த நோட்டில் அவர் விசில் சார். வழியைச் சொன்னார். பீச் ரோட்டில் கிளம்பி ஹார்பர் ரோடு. ஐந்தாவது கிலோமீட்டரில் ரவுண்டானா, அதை முழுசாகச் சுற்றி, வந்த ரோட்டிலேயே திரும்ப பீச்சுக்கு. என் கோடவுனுக்குப் போகிற ரவுண்டானாதான். எனக்குப் போய் வழி சொல்லுகிறார்.

பந்தயத்தில் ஜெயிக்கப்போவது யார் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. ஜெனோவா என்று ஒரு பிள்ளை, தருவைகுளம். இருபது வயது இருக்கும். கறுத்து, ஒடிசலாக, கால் மட்டும் நீளம். அண்ணன் ஷூ, முனையில் துணி திணித்து. எண் வாங்க வந்தவள் சும்மா ஒரு தடவை பீச் ரோட்டில் ஓடிக் காட்டினாள். எண் கொடுக்கிறவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்கு இந்த ரோடு தெரியாது. எங்கூரு மணல்லதான் ஓடுவேன்."

"எம் பின்சக்கரத்தப் பாத்துக்கிட்டே வா. வேற எங்கனயும் பாக்காத."

தலையை ஆட்டினாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. என் வயிற்றிலும் ஒன்று பிறந்திருக்கிறதே.

வீட்டுக்கு வந்து பேச்சியிடம் சொன்னேன். "ஏளா, ஒருத்தி வந்திருக்கா, ஒன்னைய முழுங்கிருவா. வண்டி ஓடாம வீட்ல நின்னா பெட்ரோலாவது மிச்சம், நீ ஓடாம இருந்தா அதுவும் இல்ல."

அவள் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று இருந்தது. ஆனால் நாக்கு ஒரு தடவை வெளியே போனால் எனக்கு உள்ளே இழுக்க வராது. அவள் அப்பா லாரியோடு குஜராத் போனார், லாரி திரும்பி வந்தது, அவர் அங்கேயே இன்னொரு குடும்பத்தோடு நின்றுவிட்டார். என் நாக்குக்குப் பயந்துதான் என்று அவர் அக்கா ஊரெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாளைக்கு: தண்ணீர் பாட்டில் 2, பஞ்சு, ஊக்கு, குளுக்கோஸ்.

8 பிப்ரவரி, ஞாயிறு

மத்தியானம் எழுதுகிறேன்.

வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலையில் பேச்சிக்கு வாழைப்பழம் இரண்டு. கேரியரில் உட்கார்ந்து வந்தாள், பீச்சுக்கு ஒரு தெரு முன்னாலேயே இறங்கிக்கொண்டாள், என்னோடு வந்தது யாருக்கும் தெரியக் கூடாதாம்.

கூட்டம். தொப்பை, அதன்மேல் எண். ஓடுவதற்கு முன்பே ஓடி முடித்த மாதிரி படம் எடுத்துக்கொள்கிறவர்கள். அத்தனை பேருக்கும் மூன்று கக்கூஸ். ஒலிபெருக்கியில் ஒருத்தன் "தூத்துக்குடி தயாரா?" என்று கத்தினான். தூத்துக்குடி கொட்டாவி விட்டது.

ஆறு மணிக்கு விசில். முதல் கிலோமீட்டரிலேயே ஜெனோவா தனியாக வந்துவிட்டாள். நான் நிஜமாகவே மிதிக்க வேண்டியிருந்தது. பின்னால் அவள் மூச்சு, ஷூ சத்தம், அவ்வளவுதான். நாலாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தேன். பேச்சி இரண்டாவதாக வந்துகொண்டிருந்தாள். ரொம்பப் பின்னால். தண்ணீர் வேண்டுமா என்றேன் ஜெனோவாவிடம். "வேண்டாங்க்கா, வயிறு குலுங்கும்."

பொழுது அரைகுறையாக விடிந்திருந்தது. ரவுண்டானா வந்தது. நடுரோட்டில் ஒரு நாய். மணி அடித்தேன், இரண்டு தடவை.

தினமும் அந்த இடத்தில்தான் இரண்டு தடவை மணி அடிப்பேன். இடது பக்கம் கோடவுன் ரோட்டில் ஒரு செக்போஸ்ட். மணி கேட்டால் அங்கே இருக்கிற அண்ணாச்சி தலையைத் தூக்கிக்கூடப் பார்க்க மாட்டார், கயிற்றை இழுப்பார், குறுக்குக் கம்பு மேலே போகும், நான் உள்ளே போவேன். இன்றைக்கும் இழுத்தார். கம்பு மேலே போனது. என் கால் திரும்பியது.

நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பேச்சி தோற்றுப்போய் வந்து அழுதால் என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ரவுண்டானாவில் கொடியோடு நிற்க வேண்டிய இரண்டு ஆட்களும் கடலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் கூப்பிடவில்லை. எடை மேடை தாண்டினேன். கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கூரை, அதற்குக் கீழே வருகைப் பதிவு மிஷின். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டேன். பெருவிரலை வைத்தேன். "தேங்க் யூ" என்றது மிஷின்.

பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல். "அக்கா, நானும் வைக்கணுமா?"

திரும்பிப் பார்த்தேன். ஜெனோவா பெருவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

ஐயோ. "திரும்பி ஓடுளா! ஓடு!" என்று கத்தினேன். அவள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அப்படியே திரும்பி ஓடினாள். நாங்கள் ரவுண்டானாவுக்கு வந்தபோது பேச்சி சுற்றித் திரும்பிப் போயே விட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சில பேர்.

ஒன்றரை கிலோமீட்டர் கூடுதலாக ஓடியும் ஜெனோவா நாலாவது. பேச்சி முதலாவது. ரிப்பன் அவள் நெஞ்சில்.

ஜெனோவா என்னிடம் வந்தாள். "வழி மாறிப் போச்சாக்கா?"

சுற்றிலும் ஆட்கள். "பேசாமப் போ" என்றேன்.

வீட்டுக்கு வருகிற வழியில் பேச்சி கேரியரில் உட்கார்ந்தாள், பீச் ரோட்டிலேயே, எல்லோரும் பார்க்க. என் இடுப்பைச் சுற்றி இரண்டு கையையும் போட்டாள். நாலாம் வகுப்புக்குப் பிறகு இவள் என்னை இப்படிப் பிடித்ததில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு முதுகுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"எம்மா. எனக்காகத்தான செஞ்ச?"

இல்லளா மூதி, டூட்டிக்குப் போகிற நினைப்பில் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வரி. வாய் வரைக்கும் வந்தது.

"பின்ன, ஊரான் பிள்ளைக்கா செய்வாவ?" என்றேன்.

முகத்தை என் முதுகில் வைத்தாள். பனியன் நனைந்தது. நான் மிதித்துக்கொண்டே வந்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே ஒளித்து என்ன ஆகப்போகிறது, ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

9 பிப்ரவரி, திங்கள்

வெயில் காலையிலேயே. உப்பளத்துப் பக்கமிருந்து எரிச்சலான காற்று.

செக்போஸ்ட் அண்ணாச்சி இன்று தலையைத் தூக்கிப் பார்த்தார். கண்ணைச் சிமிட்டினார். "மதினி, நான் கம்பத் தூக்குனது சரியான நேரம், என்ன?"

லோடுமேன்கள் கை தட்டினார்கள். "தாயின்னா இப்படில்லா இருக்கணும்." "மதினி பலே ஆளு, அந்தத் தருவைகுளத்துக் குட்டிய எடை மேடை வரைக்கும் கூட்டிட்டுப் போயிருக்கா!"

தெரியாமல் நடந்தது என்றேன். சிரித்தார்கள். மறுபடியும் சொன்னேன். இன்னும் சிரித்தார்கள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கள்ளி என்று நினைத்துத்தான் மரியாதை கொடுக்கிறார்கள், பத்தொன்பது வருடம் ஒழுங்காகப் பெட்டி எண்ணியதற்கு ஒரு நாயும் கை தட்டியதில்லை.

ஆபீஸ் கிளார்க் பையன் கூப்பிட்டான். "மதினி, ஞாயித்துக்கிழமை காலையில 6.25க்கு உங்க பஞ்ச் விழுந்திருக்கே. ஓவர்டைமா?"

"கை பட்டுருச்சு. அழிச்சிரு."

"அழிக்க முடியாது மதினி. சும்மா கிடக்கும்."

சும்மா கிடக்கட்டும்.

212-ல் எண்ணிக்கை தவறிவிட்டது. எல்லாவற்றையும் இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னேன். லோடுமேன்கள் திட்டினார்கள். அது நல்லா இருந்தது.

வீட்டில் பேச்சி என் காலுக்கு எண்ணெய் தேய்த்தாள். கேட்காமலே. கெண்டைக்கால் கல் மாதிரி இருக்கிறதாம். "நீ எம்மேல பிரியமே இல்லாதவன்னு நெனச்சேன்" என்றாள், காலைப் பார்த்துக்கொண்டே. பல் வலி என்று சொல்லி வாயைத் திறக்கவில்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டில் ஜெனோவா. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். கையில் ஒரு பொட்டலம், நெத்திலிக் கருவாடு. "அம்மா குடுத்துவிட்டாவ."

வாங்கிக்கொண்டேன்.

விசில் சாரைப் போய்ப் பார்த்தாளாம். வழி தவறியது முன்னால் போன சைக்கிளால்தான் என்று சைக்கிள்காரியே எழுதிக் கொடுத்தால் அவளுக்கே முதல் இடம் என்றாராம். எழுதிக் கொடுக்காவிட்டால் ஓடினவள் தப்பு. வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரைக்கும் நேரம்.

"ஒரு லெட்டர் மட்டுங்க்கா."

"நான் எழுதுனா எம்மக இடம் போயிரும்லா?"

"ஆமாக்கா." பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.

"ரவுண்டானா தெரியாத அளவுக்கா கண்ணு அவிஞ்சு போச்சு? கண்ண எங்கன வச்சிருந்த?"

"ஒங்க பின்சக்கரத்துல. நீங்கதானக்கா சொன்னிய."

பதில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் வரும். "நாலாவதா வந்தவளுக்கு வாயப் பாரு" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் வெளுத்து, உரிந்து. மீன் கம்பெனியில் ஐஸில் நின்று இறால் உரிக்கிறாள். "அன்னைக்கு அந்த மிஷின்ல நான் வச்சிருந்தாலும் எடுத்திருக்காதுக்கா. ரேக போயி ரெண்டு வருசமாச்சு. இந்த வேலை கிடைச்சா வெரலு ஆறிரும்."

அழுவாள் என்று பார்த்தேன். அழுதிருந்தால் துரத்த வசதியாக இருந்திருக்கும். அழவில்லை. அங்கேயே நின்றாள், நான் டிபன் பாக்ஸைக் கழுவி முடிக்கிற வரைக்கும்.

"என் வேலையப் பாக்கவிடு. போ."

போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். ரவுண்டானா வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாங்க வேண்டியது: உளுந்து, பாத்திரச் சோப்பு, கிராம்பு.

11 பிப்ரவரி, புதன்

கருவாட்டுக் குழம்பு வைத்தேன். கத்தரிக்காய் போட்டு. நல்ல கருவாடு, மண் இல்லை. பேச்சி இரண்டு தடவை சோறு வாங்கினாள். எங்கே வாங்கியது என்றாள். மார்க்கெட் என்றேன்.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் விசில் சார் போன். பேச்சி நம்பருக்குத்தான். என் போன் பாதி நாள் உயிரோடு இருக்காது, எல்லா இடத்திலும் அவள் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். கோடவுனில் விரல் வைத்தால் வருகிற மெசேஜ்கூட அவளுக்குத்தான் போகும். 'வருகை 7.24' என்று. நான் உயிரோடு போய்ச் சேர்ந்தேன் என்று அவளுக்குத் தெரிவது அப்படித்தான்.

"அம்மா, அந்தப் பொண்ணு நீங்கதான் வழி மாத்திட்டீங்கன்னு சொல்லுது. உண்மையா?"

பேச்சி பக்கத்தில் நிற்கிறாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு.

"அது தானா திரும்பி ஓடிப்போச்சு சார். நான் கூப்பிடத்தான் பின்னால போனேன். எவ்வளவு கத்துனேன் தெரியுமா."

"அப்ப சரி. பேச்சியம்மாளை சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்து வைக்கச் சொல்லுங்க. திங்கட்கிழமை சேரணும்."

அவ்வளவுதான். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எடுத்து இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. கையில் குழம்பு காயக்கூட இல்லை.

"பொய் சொல்லும்போதும் ஒனக்குக் கொரல் மாறலையேம்மா" என்றாள் பேச்சி. பெருமையாகச் சொன்னாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையில் சீயக்காய் வாசம்.

இந்த மூன்று நாளில் அவள் செய்தவை: தண்ணீர் பிடித்து வைத்தது. டிபன் கட்டியது. தலை வாரி விட்டது. நரை பிடுங்கியது. காலையில் சைக்கிளைத் துடைத்து வைத்தது. போய்வாரேன் என்றால் வாசல் வரைக்கும் வந்தது.

எழுதி வைத்துக்கொள்கிறேன்.

12 பிப்ரவரி, வியாழன்

மேகம். மழை இல்லை.

சாயங்காலம் வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பேச்சி சர்ட்டிபிகேட் படமெல்லாம் அனுப்புவதற்குப் போனில் இடம் இல்லை என்று பழைய மெசேஜ்களை அழித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் போன், பை வைக்கிற கூடாரத்தில் கிடந்தது. அன்றைக்கு வாழ்த்து ஐம்பது அறுபது வந்து விழுந்து, அதற்கு அடியில் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

இன்றைக்குப் பார்த்துவிட்டாள்.

"எம்மா. ஞாயித்துக்கிழம, வருகை 6.25. இது என்னது?"

கீரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டுமென்றே கூட்டிக்கொண்டு போனவள் எதற்காக ஞாயிற்றுக்கிழமை டூட்டிக்கு விரல் வைப்பாள்? எந்தக் கள்ளி வைப்பாள்?

"அவ நம்பட்டும்னு வச்சேன்" என்றேன். எனக்கே கேவலமாக இருந்தது.

அவள் போனைப் பார்த்தாள். என் பெருவிரலைப் பார்த்தாள். கணக்கு வாத்தியார் போர்டைப் பார்க்கிற மாதிரி மெதுவாகப் பார்த்தாள்.

"நீ டூட்டிக்குப் போயிருக்க."

"ஏளா..."

"என் நெனப்பே இல்லாம, நீ பாட்டுக்கு டூட்டிக்குப் போயிருக்க. நான் என்னன்னா, எனக்காகச் செஞ்சியேன்னு அந்தப் பாவத்துல பாதிய எடுத்துத் தலையில வச்சுக்கிட்டு நாலு நாளாத் திரியுதேன். ஒங்காலப் பிடிச்சு விட்டுக்கிட்டு."

இந்த இடத்தில் வேறு ஒருத்தியாக இருந்தால் மகளைப் பிடித்து உட்கார வைத்து ஏதாவது சொல்லியிருப்பாள். உன்னை நினைத்துக்கொண்டுதானடி ஓட்டினேன், நீ அழுவாயே என்று நினைத்துத்தான் வழியே தெரியாமல் போனேன் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட, பாதி.

நான் என்ன சொன்னேன்?

"ஆமா, டூட்டிக்குத்தான் போனேன். ஒனக்காக எவ செய்வா? நீ ஓடுன ஓட்டத்துக்கு ரெண்டாவதே அதிகம்."

எழுதும்போது கை கூசுகிறது. சொல்லும்போது நாக்கு கூசவில்லை.

அவள் எழுந்தாள். எண்ணெய்ப் பாட்டில் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. எடுத்து மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தாள்.

13 பிப்ரவரி, வெள்ளி

நல்ல வெயில். கன்டெய்னர் மூன்று.

காலையில் டிபன் கட்டவில்லை. வாசலுக்கு வரவில்லை. சைக்கிளில் தூசி.

நாலே முக்காலுக்கு மேனேஜர் அவர் போனைக் கொண்டுவந்து நீட்டினார். விசில் சார்.

"அம்மா, உங்க மகளே நேர்ல வந்துட்டாங்க. அந்த மெசேஜ காமிச்சு, வழி தவறினது எங்கம்மாதான்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாங்க. அதோட, மெடலயும் மேசையில கழட்டி வச்சுட்டாங்க. நீங்க புதன்கிழமை போன்ல சொன்னது..."

"சார், பெட்டி ஏறிக்கிட்டு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மேனேஜர் என்ன என்றார். ஒன்றுமில்லை என்றேன். ஐந்து, பத்து, பதினைந்து என்று கோடு போட்டேன். இன்று எண்ணிக்கை தவறவில்லை.

வீட்டில் கேட்டேன். "பெரிய அரிச்சந்திரன் மகளோ? அவ ஒனக்கு யாரு?"

"எனக்கு யாருமில்ல. அவளுக்காவ ஒண்ணும் செய்யல." சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், அவளுக்கு மட்டும். "எனக்காவ நீ திருடிட்டு வந்திருந்தா வச்சிருப்பேன். செத்தாலும் குடுத்திருக்க மாட்டேன். கீழ கெடந்து எடுத்தது எனக்கு வேண்டாம்."

14 பிப்ரவரி, சனி

ஜெனோவாவுக்கு வேலை. பேச்சி இரண்டாம் இடம். என் பெயரைத் தன்னார்வலர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்களாம். பனியனைத் திருப்பிக் கேட்கவில்லை. தரை துடைக்க நல்ல துணி.

லோடுமேன்களுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "அப்ப நெசமாவே தூக்கத்துலதான் போனியளா மதினி?" சிரிப்பே இல்லாமல் கேட்டார்கள். மரியாதையும் போனது.

பல் டாக்டர். பிடுங்க வேண்டுமாம். பிடுங்கும் என்றேன்.

15 பிப்ரவரி, ஞாயிறு

கன்னம் வீக்கம். பேச முடியவில்லை. பேச முடியாததும் நல்லதுக்குத்தானோ என்னவோ.

பேச்சி பை கட்டினாள். கூடப் படித்தவள் ஒருத்தி திருச்செந்தூரில் லாட்ஜில் இருக்கிறாள். பேச்சிக்கும் அங்கேயே ரூம் சாவி கொடுக்கிற வேலை, தங்குவதற்கும் இடம். ஓடுகிற ஷூவை எடுத்துக்கொள்ளவில்லை. நான் பையைக் கேரியரில் வைத்துக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கையால் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆட்டோவில் ஏறிய பிறகு சொன்னாள். "ஆபீஸ்ல நம்பர மாத்திரு. நீ டூட்டிக்குப் போற மெசேஜ் எனக்கு வர வேண்டாம்."

வாயில் பஞ்சு. என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. திட்டித்தான் இருப்பேன்.

16 பிப்ரவரி, திங்கள்

பனி இல்லை. காற்று கடலிலிருந்து.

ரவுண்டானா பஸ் நிறுத்தத்தில் ஜெனோவா இறங்கினாள். புது சுடிதார், கையில் சர்ட்டிபிகேட் பை. சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. நான் போகிற வரைக்கும் நின்று, இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்துவிட்டு, அவள் ஆபீஸ் பக்கம் தாண்டிப் போனாள்.

மணி இரண்டு தடவை. அண்ணாச்சி கம்பைத் தூக்கினார். தலையைத் தூக்கவில்லை.

விரல் வைத்தேன். 7.24.

ஆபீசுக்குள் போய் கிளார்க்கிடம், மெசேஜ் போகிற நம்பரை மாற்ற வேண்டும் என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"சரி மதினி. புது நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். பத்து எண்ணும், நிறுத்தாமல்.

தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான். "மதினி, இது பழைய நம்பர்தான. பேச்சியோடது."

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். அதேதான் வந்தது. என் நம்பர் எனக்குத் தெரியாது.